விலாசம் உள்ள சட்டை

டி-ஷர்ட் உள்ளாடையாகப் பிறந்தது. 1913இல் அமெரிக்கக் கடற்படை, சீருடைக்கு உள்ளே போட்டுக்கொள்ள மாலுமிகளுக்கு வெள்ளைப் பருத்திப் பனியன் கொடுத்தது. வட்டக் கழுத்து, அரைக் கை, பொத்தான் கிடையாது. புழுக்கம் தாங்காத இடங்களில் மேல்சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அந்தப் பனியனோடு வேலை பார்த்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து வீடு திரும்பியவர்கள் தெருவிலும் அதையே போட்டுக்கொண்டு நடந்தார்கள். மறைவாக இருக்க வேண்டிய துணி வெளியே வந்தது. அதன் நெஞ்சுப் பகுதி வெறுமையாக, பளிச்சென்று, யாராவது எதையாவது எழுதட்டும் என்பதுபோல இருந்தது.

முதலில் ஏறியவை படைப் பயிற்சிப் பள்ளிகளின் பெயர்கள். அடுத்து வாக்குக் கேட்பவர்கள் வந்தார்கள். 1948 அமெரிக்க அதிபர் தேர்தலில் தாமஸ் டூயிக்கு ஆதரவாக, அவர் பெயரை வைத்தே ஓசை நயத்தோடு ஒரு வாசகம் கட்டிப் பனியனில் அச்சடித்தார்கள். டூயி தோற்று ட்ரூமன் வென்றார். அந்தப் பனியன் இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரசியல் வாசகம் தாங்கிய பனியன்களில் மூத்தது எது என்று கேட்பவர்களுக்கு வழக்கமாக இதைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் அது அதிகாரத்துக்குப் போக விரும்பியவர் பிறருக்குப் போட்டுவிட்ட சட்டை. நான் சொல்ல வந்தது வேறொரு சட்டையின் கதை. தன் காசில் வாங்கி, தன் வாசகத்தைத் தானே தேர்ந்து, அதிகாரத்தின் முகத்துக்கு நேரே ஒருவர் போட்டுக்கொண்டு போகும் சட்டை.

அந்தச் சட்டையின் வரலாற்றில் 1968 ஏப்ரல் 26 ஒரு முக்கியமான நாள். வியட்நாம் போருக்கு இளைஞர்களைக் கட்டாயமாகப் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்த காலம். லாஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றக் கட்டடத்தின் தாழ்வாரத்தில் பால் ராபர்ட் கோஹன் என்ற 19 வயது இளைஞர் நடந்துபோனார். கட்டாய ராணுவச் சேர்ப்பை ஒரு கெட்ட வார்த்தையால் திட்டும் வாசகம் அவருடைய ஜாக்கெட்டில் எழுதியிருந்தது. அவர் கூச்சல் போடவில்லை, யாரையும் தொடவில்லை. நீதிபதி இருந்த அறைக்குள் நுழைந்ததும் ஜாக்கெட்டைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். வெளியே வந்தபோது கைது செய்தார்கள். அமைதியைக் குலைத்த குற்றத்துக்கு 30 நாள் சிறை. வழக்கு மேலே மேலே போய், 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போன பிள்ளைகளின் பக்கம் அதே நீதிமன்றம் 1969இல் நின்றிருந்தது.

ஆடைக்கு மட்டும் உள்ள ஒரு பலத்தை இந்த வழக்கு காட்டுகிறது. பதாகையை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். துண்டறிக்கையைப் பிடுங்கிக் கிழிக்கலாம். உடம்பில் இருக்கும் சட்டையைப் பிடுங்குவது அவ்வளவு எளிதில்லை. அதைத் தடுக்க வேண்டுமென்றால் ஆளையே தடுக்க வேண்டும். அதனால்தான் அது வேறெந்த எழுத்தும் போக முடியாத இடங்களுக்குள் போய்விடுகிறது.

இந்தப் பலத்தை முழுதாகப் புரிந்துகொண்டு பயன்படுத்தியவர் கேத்தரின் ஹாம்னெட். 1947இல் பிறந்த ஆங்கிலேய ஆடை வடிவமைப்பாளர். 1980களின் தொடக்கத்தில் பிரிட்டனில் அணு ஆயுதப் பயம் வீட்டுக்கு வீடு புகுந்திருந்தது. கிரீன்ஹம் காமன் விமானப் படைத் தளத்தில் அமெரிக்க ஏவுகணைகளை நிறுத்தப்போகிறார்கள் என்றதும், 1981 முதல் பெண்கள் அந்தத் தளத்தின் வேலிக்கு வெளியே கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். 1982 டிசம்பரில் சுமார் 30,000 பெண்கள் கைகோத்து அந்தத் தளத்தைச் சுற்றி வளைத்து நின்றார்கள். அப்படியும் 1983 நவம்பரில் ஏவுகணைகள் வந்து இறங்கின. ஹாம்னெட் தன் வாசகச் சட்டைகளை வெளியிட்டது அந்த ஆண்டில்தான். அணு ஆயுதத்தை உலகெங்கும் தடை செய், மழைக்காடுகளைக் காப்பாற்று, ஏவுகணை வேண்டாம் கல்வி கொடு என்பவை அவருடைய வாசகங்கள். 'சூஸ் லைஃப்', அதாவது உயிரைத் தேர்ந்தெடு என்பதும் அவற்றில் ஒன்று.

அந்தச் சட்டைகளின் அமைப்பைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும். தொளதொளவென்று பெரிய அளவு, ஆணும் பெண்ணும் போடலாம். வெள்ளைத் துணியில் தடித்த கறுப்புப் பெரிய எழுத்துகள் மார்பு முழுக்க நிறைந்திருக்கும். படம் இல்லை, அலங்காரம் இல்லை. 20, 30 அடி தள்ளி நிற்பவரும் படிக்க வேண்டும் என்பதுதான் அவர் வகுத்துக்கொண்ட அளவு. நாளிதழ்ப் புகைப்படத்தில் ஒரு மூலையில் தெரிந்தாலும் எழுத்து துலங்கும். ஒரே நிறம் என்பதால் அச்சடிக்க ஒரு ஸ்கிரீன் போதும், செலவு குறைவு. யார் வேண்டுமானாலும் இதைப் பார்த்து அடித்துக்கொள்ளட்டும், அவ்வளவுக்கு அவ்வளவு நல்லது என்று அவரே சொன்னார். தன் வடிவமைப்பைப் பிறர் திருட வேண்டுமென்று விரும்பிய வடிவமைப்பாளர் உலகத்தில் அதிகம் பேர் இருந்திருக்க மாட்டார்கள்.

1984 மார்ச்சில் லண்டன் ஃபேஷன் வாரத்தையொட்டி, பிரதமர் மார்கரெட் தாட்சர் தன் டவுனிங் தெரு இல்லத்தில் ஆடை வடிவமைப்பாளர்களுக்கு ஒரு வரவேற்பு கொடுத்தார். ஹாம்னெட்டுக்கும் அழைப்பு வந்தது. அவசர அவசரமாக ஒரு சட்டையைத் தயார் செய்தார். 58 சதவீதம் பேருக்கு பெர்ஷிங் ஏவுகணை வேண்டாம் என்பது வாசகம். அதன்மேல் கோட்டைப் போட்டு மூடிக்கொண்டு உள்ளே போனார். பிரதமரோடு கைகுலுக்கும் வரிசையில் தன் முறை வந்ததும் கோட்டைத் திறந்தார். தாட்சர் குனிந்து படித்தார். புகைப்படக்காரர்கள் விடவில்லை. முழங்கால் வரை தொங்கும் எழுத்துச் சட்டையோடு ஒரு பெண்ணும், அவர் கையைப் பிடித்தபடி சிரிக்கும் பிரதமருமாக அந்தப் படம் மறுநாளே உலகம் சுற்றக் கிளம்பியது.

படம் எல்லோருக்கும் தெரியும். அங்கே நடந்த பேச்சு அந்த அளவுக்குத் தெரியாது. எங்களிடம் இருப்பது பெர்ஷிங் இல்லை, குரூஸ் ஏவுகணை என்று தாட்சர் திருப்பிச் சொன்னார். அது சரியான தகவல். பெர்ஷிங் 2 ஏவுகணைகள் அன்று மேற்கு ஜெர்மனியில் நின்றன, கிரீன்ஹம் காமனில் நின்றவை குரூஸ். சட்டையின் தகவல் பிழையை நாட்டின் பிரதமர் நின்ற இடத்திலேயே திருத்தினார். ஹாம்னெட்டுக்குக் கிடைத்த பெரிய வெற்றி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. யாருக்காக எழுதப்பட்டதோ அவரே படித்தார், படித்து மறுமொழியும் சொன்னார். ஊர்வலத்தில் போகும் ஆயிரம் பதாகைகளில் எத்தனைக்கு அந்தப் பாக்கியம் கிடைத்திருக்கிறது? ஒரு கடிதத்துக்கு உரியது போன்ற விலாசம் அந்தச் சட்டைக்கு இருந்தது, அது போய்ச் சேர வேண்டிய கையில் போய்ச் சேர்ந்தது.

அதே ஆண்டில் வாம் இசைக்குழுவின் ஜார்ஜ் மைக்கேலும் ஆண்ட்ரூ ரிட்ஜ்லியும் ஒரு பாட்டு வீடியோவில் 'சூஸ் லைஃப்' சட்டையோடு ஆடினார்கள். இளைஞர் கூட்டம் கடைகளில் மொய்த்தது. ஃபிராங்கி கோஸ் டு ஹாலிவுட் என்ற இன்னொரு குழு அதே வெள்ளைத் துணி, அதே கறுப்பு எழுத்து பாணியில் தன் பாட்டை விற்கவே சட்டை அடித்தது. சந்தை எங்கும் போலிகள் குவிந்தன. அரசியல் ஃபேஷன் ஆகிவிட்டது, அதனால் செத்துவிட்டது என்று அன்றைக்கே வருத்தப்பட்டவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பரவ வேண்டும் என்றே பிறந்த சட்டை அது. பத்து லட்சம் பேர் போட்டால் வாசகம் மலிந்துபோகும் என்பவர்கள், பத்து லட்சம் பேர் கையெழுத்துப் போட்ட மனுவை அப்படிச் சொல்வார்களா?

கெடுதல் வேறு வழியில் வந்தது. பின்னாளில் அமெரிக்காவில் கருக்கலைப்பு உரிமையை எதிர்ப்பவர்கள் 'சூஸ் லைஃப்' என்ற அதே இரண்டு சொற்களைத் தங்கள் முழக்கமாக்கிக்கொண்டார்கள். கார்களின் நம்பர் பிளேட்டில்கூட அது ஏறியது. பெண்களின் உரிமைக்கு எதிராக அந்த வாசகம் நிற்பதைப் பார்த்து ஹாம்னெட் கொதித்தார். ஆனால் அந்தச் சொற்களில் யார், எதை, எங்கே என்ற எதுவும் இல்லை. நல்லவரும் போடலாம், அவருக்கு நேர் எதிரானவரும் போடலாம். பெர்ஷிங் சட்டையை அப்படி யாரும் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அதில் ஒரு எண் இருந்தது, ஒரு ஏவுகணையின் பெயர் இருந்தது, ஒரு அரசாங்கம் எதிரே இருந்தது. அந்த ஏவுகணைகள் போனதும் அந்த வாசகத்தின் வேலையும் முடிந்தது. கடைக்காரருக்குப் பிடித்தது முதல் வகைதான். எல்லோருக்கும் பொருந்தும், என்றைக்கும் விற்கும். வாசகச் சட்டை ஃபேஷன் ஆனதன் சூட்சுமம் இங்கே இருக்கிறது. விலாசம் எவ்வளவு மங்குகிறதோ, விற்பனை அவ்வளவு கூடும்.

2016 செப்டம்பரில் பாரிஸ் மேடையில் இதன் உச்சத்தைப் பார்த்தோம். டியோர் நிறுவனத்தின் வடிவமைப்புப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் மரியா கிரேசியா கியூரி. தன் முதல் தொகுப்பிலேயே, நாமெல்லோரும் பெண்ணியவாதிகளாக வேண்டும் என்ற, நைஜீரிய எழுத்தாளர் சிமமாண்டா அடிச்சியின் கட்டுரைத் தலைப்பைச் சட்டையில் அச்சிட்டு மேடையேற்றினார். விலை 710 டாலர். வருமானத்தில் ஒரு பங்கு அறக்கட்டளைக்குப் போனது. கியூரியின் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்த அரங்கில் எதிரே உட்கார்ந்திருந்த யாருக்கும் அந்தச் சட்டையால் தூக்கம் கெட்டிருக்காது. அதைக் கழற்று என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

சட்டை யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பதோடு, சட்டை எப்படி உண்டானது என்ற கேள்வியும் இருக்கிறது. அதையும் முதலில் கேட்டவர்களில் ஹாம்னெட் ஒருவர். தன் துணிகள் எப்படி விளைகின்றன, எப்படித் தைக்கப்படுகின்றன என்று 1989இல் விசாரிக்கத் தொடங்கினார். கிடைத்த பதில் அவரை உலுக்கிவிட்டது. பருத்திக் காட்டில் அடிக்கும் பூச்சிமருந்தில் விவசாயிகள் விஷமேறிச் சாகிறார்கள், ஆறுகள் கெடுகின்றன, தைப்பவர்களுக்குக் கூலி கட்டுவதில்லை. மழைக்காட்டைக் காப்பாற்றச் சொல்லும் தன் சட்டையே இன்னொரு மண்ணைக் கெடுத்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியவந்தது. இயற்கைப் பருத்தி வேண்டும் என்று துணித் தொழிலோடு பல ஆண்டுகள் போராடினார். தொழில் இழந்தார், விடவில்லை. 2014இல் பிரிட்டனில் பெண்ணியவாதி இப்படித்தான் இருப்பார் என்று எழுதிய 45 பவுண்டு சட்டையை அரசியல் தலைவர்கள் போட்டுப் படம் எடுத்துக்கொண்டபோது, அது மொரிஷியஸில் சொற்பக் கூலிக்குப் பெண்கள் தைத்தது என்று ஒரு பத்திரிகை எழுதியது. சட்டையை வெளியிட்ட ஃபாசெட் சொசைட்டி ஆவணங்களைப் பார்த்துவிட்டுக் குற்றச்சாட்டை மறுத்தது. உண்மை எந்தப் பக்கம் இருந்தாலும், அந்தக் கேள்வி அதற்குப் பிறகு எந்த வாசகச் சட்டையையும் விட்டு நீங்கவில்லை.

அந்தக் கேள்வி நேராக வந்து நிற்கும் ஊர்களில் ஒன்று திருப்பூர். 1925 வாக்கில் பனியன் தொழில் தொடங்கிய ஊர். 1978இல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற இறக்குமதியாளர் வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்ததிலிருந்து ஐரோப்பாவுக்கான வழி திறந்தது என்பார்கள். இன்று உலகத்தின் எந்தக் கடை அலமாரியிலும் திருப்பூர்த் துணி இருக்கக்கூடும். ஒரு வாசகச் சட்டை அங்கே ஒரே கூரையின்கீழ் உருவாவது அரிது. நூல் ஒரு இடம், நிட்டிங் ஒரு இடம். துணி சாயப்பட்டறைக்குப் போய்வரும், சுருங்காமல் இருக்க காம்பேக்டிங் போய்வரும், கட்டிங் மேசையில் அடுக்கடுக்காக வெட்டப்படும். வாசகம் ஏறுவது பெரும்பாலும் அதற்கு அடுத்து. அப்போது அது சட்டையே ஆகவில்லை, கையும் கழுத்தும் சேராத முன்பக்கத் துண்டு மட்டும். நீளமான மேசையில் துண்டுகளை வரிசையாக ஒட்டி, இருபுறமும் இருவர் நின்று ஸ்கிரீனை ஒவ்வொன்றின் மேலும் இறக்கி, பேஸ்ட்டை இழுத்து, எடுத்து, அடுத்ததற்கு நகர்கிறார்கள். பிறகு எழுத்து கெட்டிப்பட, 160 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெப்பத்தில் கியூரிங். அதற்குப் பிறகுதான் ஓவர்லாக், பவர் டேபிள் என்று தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங். சுதந்திரம், சமத்துவம், பூமியைக் காப்பாற்று என்று உலகம் நெஞ்சில் சுமக்கும் எத்தனையோ சொற்கள் இந்த மேசைகளில் ஈரமாக இருந்து காய்ந்தவை.

அந்த ஊர் கொடுத்த விலை சிறியதில்லை. சாயக்கழிவு நொய்யலில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே உள்ள வயல்களையும் கிணறுகளையும் நாசமாக்கியது. விவசாயிகள் நீதிமன்றம் ஏறினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவே வெளியேறாத சுத்திகரிப்புக்கு மாறிய பின்புதான் தொழில் மெல்ல மீண்டது. நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில், மூன்று ஆண்டு வேலை பார்த்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி, ஏழை வீட்டு இளம்பெண்களை விடுதிக்குள் அடைத்து வேலை வாங்கிய கொடுமை இன்னொன்று. அந்த நூல் எந்தச் சட்டைக்குள் போனது, அந்தச் சட்டையில் என்ன வாசகம் இருந்தது என்பதெல்லாம் வாங்கியவருக்குத் தெரிய வழியில்லை.

இவ்வளவு வாசகங்களை உலகத்துக்கு அடித்துக் கொடுத்த தமிழ்நாடு, தன் அரசியலை வெகுகாலம் நெஞ்சில் எழுதிக்கொள்ளவில்லை. இங்கே நிறமே பேசியது. கதர் பேசியது. பெரியார் 1940களின் நடுவில் கருஞ்சட்டைப் படையைத் தொடங்கினார், 1948இல் சென்னை மாகாண அரசு அதைத் தடை செய்தது. ஓர் எழுத்துகூட இல்லாத சட்டைக்கு ஒரு அரசாங்கம் அப்படிப் பயந்தது. இந்தி ஆட்சிமொழி ஆவதை எதிர்த்து 1965 ஜனவரி 26 துக்க நாளாக அறிவிக்கப்பட்டபோது மாணவர்கள் கறுப்புச் சின்னம் குத்திக்கொண்டார்கள். கறுப்பு-சிவப்புக் கரை போட்ட வேட்டி எதிரே வந்தால், நடுவில் வெள்ளை சேர்ந்த கரை வந்தால், எந்தக் கட்சி என்று குழந்தைக்கும் தெரியும். 2023 ஜூனில் ஆளுநர் வந்த பட்டமளிப்பு விழாவுக்குக் கறுப்பு உடை வேண்டாம் என்று சேலம் பெரியார் பல்கலைக்கழகம் சுற்றறிக்கை விட்டது, எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றது. அந்த நிறத்தின் வாய் இன்னும் அடைபடவில்லை.

எழுத்து நெஞ்சுக்கு ஏறியது 2020இல். அந்த ஆண்டு ஜூலை 29 அன்று மத்திய அமைச்சரவை புதிய கல்விக் கொள்கைக்கு ஒப்புதல் கொடுத்தது. அதிலுள்ள மும்மொழித் திட்டத்தை ஏற்க மாட்டோம் என்று சில நாட்களில் அன்றைய தமிழக முதல்வர் பழனிசாமி அறிவித்தார். ஆகஸ்ட் 9 அன்று திமுக எம்.பி. கனிமொழி ட்விட்டரில் ஒரு பதிவு போட்டார். விமான நிலையத்தில், தனக்கு இந்தி தெரியாது, தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுங்கள் என்று கேட்டதற்கு, நீங்கள் இந்தியரா என்று பாதுகாப்புப் படை அலுவலர் ஒருவர் தன்னைக் கேட்டதாக எழுதினார். இயக்குநர் வெற்றிமாறனும் விமான நிலையத்தில் தனக்கு நேர்ந்த பழைய அவமானத்தைச் சொன்னார். கேட்டவர்களில் பலருக்கு அது தங்கள் கதையாகவே இருந்தது. வங்கிக் கவுன்ட்டரில், ரயில் நிலையத்தில், தேர்வு மையத்தில் இப்படி ஒரு தடவையாவது கூனிக் குறுகி நின்றவர்கள் ஏராளம்.

செப்டம்பர் முதல் வாரத்தில் இசையமைப்பாளர் யுவன் ஷங்கர் ராஜாவும் நடிகர் மெட்ரோ சிரிஷும் சேர்ந்து நின்ற ஒரு படம் வந்தது. 'ஐ ஆம் அ தமிழ் பேசும் இந்தியன்' என்று யுவன் சட்டையில் இருந்தது. 'ஹிந்தி தெரியாது போடா' என்று சிரிஷ் சட்டையில் இருந்தது. ஓரிரு நாளில் அது சமூக ஊடகம் முழுக்கப் பரவியது. திரைக்காரர்கள் போட்டார்கள், கல்லூரிப் பிள்ளைகள் கேட்டார்கள், திருப்பூருக்கு ஆர்டர்கள் பறந்தன. பெருந்தொற்றில் வெளிநாட்டு ஆர்டர்கள் ரத்தாகி, மாஸ்க்கும் பாதுகாப்பு உடையும் தைத்துப் பிழைத்துக்கொண்டிருந்த ஊருக்குத் தன் மொழியிலேயே ஒரு வாசகம் அச்சடிக்க வந்தது. திமுக வேணாம் போடா என்று மறுதரப்பு பதில் ஹேஷ்டேக் கிளப்பியது. ஒருவர் முகநூலில் எழுதும் கட்டுரைக்கு இப்படி எதிர்ப்பாட்டு வராது. சட்டைக்கு வந்தது.

எனக்கு அந்தச் சட்டை பிடிக்கும். விலாசம் தெளிவாக இருக்கிறது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, உன் மொழி தெரியாமல் நான் இருப்பேன், என் மொழி தெரியாமல் நீ இருக்கக் கூடாது என்று சொல்லும் அதிகாரத்துக்கு அது எழுதப்பட்டது. விமான நிலையச் சோதனை வரிசையில் அதைப் போட்டுக்கொண்டு நிற்பவரின் துணிச்சலை நான் மதிக்கிறேன்.

ஆனால் அதே சட்டை, அதே எழுத்து, திருப்பூர் ரயில் நிலைய நடைமேடையில் என்ன ஆகிறது? பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் இல்லாத பனியன் கம்பெனியைத் திருப்பூரில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் பரப்பப்பட்டன. நிலைமையைப் பார்க்க பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்தது, தமிழ்நாட்டு போலீஸ் வதந்தி பரப்பியவர்கள் மேல் வழக்குப் போட்டது. பயந்துபோன தொழிலாளர்கள் மூட்டையோடு ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்த அந்த நாட்களில், ஒருவர் அந்தச் சட்டையோடு அவர்கள் முன்னால் போய் நின்றிருந்தால், 'போடா' என்பது அமைச்சரவைக்கா போய்ச் சேர்ந்திருக்கும்? பசிக்கு ஊர்விட்டு வந்த ஒரு பையனின் நெஞ்சில்தான் அது இறங்கியிருக்கும். அவன் யார்மீதும் எந்த மொழியையும் திணிக்கவில்லை. வேலை கற்கும் அவசரத்தில் தமிழைத் தானே கற்றுக்கொண்டிருப்பான். துணியில் ஓர் எழுத்து மாறவில்லை, எதிரே நிற்கும் ஆள் மாறியதும் எதிர்ப்பு மிரட்டலாகிவிடுகிறது. இந்த வாசகத்தை நெஞ்சில் ஏற்றும் ஒவ்வொருவரும் கண்ணாடியில் தன்னை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். போகும் இடத்தில் யார் இருப்பார் என்றும் பார்க்க வேண்டும்.

சட்டமும் தன் பங்குக்கு இந்தச் சட்டையைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறது. கட்சிகள் தொண்டர்களுக்குத் தொப்பி, துண்டு, முகமூடி கொடுக்கலாம், கணக்கில் காட்டினால் போதும் என்கிறது இந்தியத் தேர்தல் ஆணையம். சேலை, வேட்டி, சட்டை, டி-ஷர்ட் போன்ற முழு ஆடைகளைக் கொடுக்கக் கூடாது, அது வாக்காளருக்கு லஞ்சம் ஆகிவிடும். டூயி காலத்துச் சட்டைக்கு இங்கே இடமில்லை, உங்கள் வாசகத்தை நீங்களே வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். வாக்குப்பதிவு நாளில் சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் தேர்தல் சம்பந்தமான எந்த அடையாளத்தையும் காட்டக் கூடாது என்று 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. இது நியாயம் என்றே நினைக்கிறேன், அங்கே எதிரே நிற்பவர் இன்னொரு வாக்காளர். 2024இல் துணை முதல்வர் உதயநிதி ஸ்டாலின் அரசு நிகழ்ச்சிகளுக்குத் திமுகவின் உதயசூரியன் சின்னம் போட்ட டி-ஷர்ட்டோடு வருவதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மனு போனது. அதிகாரத்தில் இருப்பவர் தன் சின்னத்தை நெஞ்சில் போட்டுக்கொண்டு அரசு மேடை ஏறுவது, அதிகாரத்தை எதிர்த்து ஒருவர் போடும் சட்டையோடு ஒன்றாகாது என்பதை அந்தக் கட்சியின் நண்பர்களும் யோசிக்கலாம்.

2025 மார்ச் 20 அன்று அந்தக் கட்சியின் உறுப்பினர்களே நாடாளுமன்றத்தில் மறுபக்கத்தில் நின்றார்கள். நியாயமான தொகுதி மறுவரையறை வேண்டும், தமிழ்நாடு போராடும், தமிழ்நாடு வெல்லும் என்று எழுதிய டி-ஷர்ட்டோடு திமுக எம்.பி.க்கள் அவைக்குள் வந்தார்கள். மக்களவைத் தலைவர் ஓம் பிர்லா விதிகளைச் சுட்டிக்காட்டி, வெளியே போய் உடை மாற்றிக்கொண்டு வாருங்கள் என்றார். இரு அவைகளும் ஒத்திவைக்கப்பட்டன. அவையின் மாண்பு ஆடையில் இருக்கிறது என்றால், அதைக் காக்கும் கடமை எல்லாக் கட்சிக்கும் உண்டுதான். ஆனால் அன்று அந்தச் சட்டை தவறான இடத்துக்குப் போகவில்லை. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் இடங்களை இழக்குமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் அதிகாரம் வேறெந்தக் கட்டடத்திலும் இல்லை. மாநிலங்களுக்கான இடங்கள் ஏற்கெனவே உறைந்திருந்ததை 2001ஆம் ஆண்டின் 84ஆம் அரசியல் சட்டத் திருத்தம் நீட்டித்தது, 2026க்குப் பிறகு எடுக்கும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்கள் வெளிவரும் வரை அந்த உறைவு நீடிக்கும் என்றது. அந்தக் கணக்கெடுப்புக்கு, நாட்டின் பெரும்பகுதிக்கு, அரசு அறிவிக்கையில் குறித்த நாள் 2027 மார்ச் 1.